ஏழு தீவு வேண்டாம், இரண்டு போதும்

பாலக்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்க வெகுநாள் ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் 'ஐந்து நாளில் ஏழு தீவு, தீவக மக்களின் பாரம்பரிய வாழ்க்கை' என்று அட்டவணை அனுப்பியிருக்கிறார். நம்பிப் போகலாமா? எங்கே தங்குவது? அந்த ஊர் மக்களிடம் எப்படி நடந்துகொள்வது? ஒன்பது பேர் என்பது அதிகமா, குறைவா?"

போகலாம் அம்மா, கட்டாயம் போங்கள். அந்த அட்டவணையை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் பூகோளம் கற்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வருவது வழக்கம். அந்தத் தீவுகளுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் தடவை நானும் உங்களைப் போல எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டேன். மூன்று நாளில் நான்கு தீவு பார்த்தோம். திரும்பி வந்து யோசித்தால் நினைவில் நின்றது நான்கு இறங்குதுறைகளும் படகுக்குக் காத்திருந்த வெயிலும்தான்.

முதலில் ஒரு விஷயம். நெடுந்தீவு என்ற பெயரை நம் ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருப்போம்: "நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது" என்ற செய்தித் தலைப்பில். கடலே இல்லாத மாவட்டத்துக்காரர்கள் நாம். அந்தச் செய்தியை ராமேசுவரத்துப் பக்கத்திலிருந்துதான் படித்திருக்கிறோம். அதே செய்தியை மறுகரையிலிருந்து கேட்கும்போது அது வேறு செய்தியாக இருக்கிறது. இதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பயணத்தில் மிக முக்கியமான பகுதி என்று நான் நினைப்பது அதைத்தான்.

சிறு குழு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இலங்கை வரைக்கும் போக வேண்டியதில்லை, நம் சித்தேரி மலையே போதும். பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டி ஒருவர் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். ஒரு வேன் வந்து நின்றது. இருபது பேருக்கு மேல் இறங்கினார்கள். பாட்டியைச் சுற்றி அரைவட்டமாக நின்று கைபேசியை நீட்டினார்கள். ஒருவர், "பாட்டி, இன்னொரு தடவை குத்துங்கள், சரியாக விழவில்லை" என்றார். பாட்டி உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேன் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தார். முறத்தை எடுத்துப் புடைத்துக்கொண்டே, "நான் என்ன கூத்துக்காரியா?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நானும் ஒரு விதத்தில் வேடிக்கை பார்க்க வந்தவன்தான். ஆனால் ஒற்றை ஆளாக வந்ததால் எனக்குத் திண்ணையில் இடம் கிடைத்திருந்தது.

திண்ணை எத்தனை பேரைத் தாங்கும் என்பதுதான் குழுவுக்கு அளவு. ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுக்க முடிகிற எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டு வரை. அதைத் தாண்டினால் வீட்டுக்காரர் விருந்தோம்பலை விட்டுவிட்டுப் பந்தி நடத்தத் தொடங்கிவிடுவார். நீங்கள் ஒன்பது பேர். சமாளிக்கலாம்.

இனி தீவுகள். யாழ்ப்பாண நகரத்துக்கு மேற்கே பண்ணைப் பாலம் வழியாகப் போனால் வேலணை. அங்கிருந்து கடல்மேல் போட்ட நீண்ட தாம்போதியில் புங்குடுதீவு. அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. இதுவரை பஸ்ஸிலேயே போய்விடலாம். குறிகட்டுவானிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் நயினாதீவு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. இவை தவிர அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர். மண்டைதீவையும் சேர்த்தால் எட்டாகிவிடும். ஏழு என்பது வாயில் வழங்கி வந்த கணக்கு. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தங்கள் ஊர்ப் பெயர்களை இவற்றுக்கெல்லாம் சூட்டிவிட்டுப் போனார்கள். வேலணை லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ராட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கில வரைபடத்தை வைத்துக்கொண்டு நெடுந்தீவைத் தேடினால் கிடைக்காது.

ஏற்பாட்டாளரின் அட்டவணையில் வேலணையும் புங்குடுதீவும் தனித்தனித் தீவாக எண்ணப்பட்டிருக்கும். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவீர்கள், கணக்கில் இரண்டு ஏறிவிடும். ஆனால் புங்குடுதீவை அப்படிக் கடப்பது பாவம். பஸ்ஸிலிருந்தே தெரியும்: கூரை போன வீடுகள், முற்றத்தில் முளைத்த மரங்கள், நடுவே திடீரென்று புதுவண்ணம் பூசிய ஒரு கோயில். போரில் இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் லண்டனிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வருகிறார்கள், கோயிலுக்குப் பணம் அனுப்புகிறார்கள். வீடு பாழாகவும் கோபுரம் பளபளப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் பிழைப்புக்குப் பெங்களூர், திருப்பூர் போன குடும்பங்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. நம்மவர்கள் பொங்கலுக்குப் பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரியது.

என் யோசனை இது. யாழ்ப்பாண நகரில் இரண்டு இரவு, நெடுந்தீவில் இரண்டு இரவு, கடைசியாக நகரில் இன்னும் ஓர் இரவு. நயினாதீவை ஒரு முழு நாள். வேலணைத் தீவிலுள்ள ஊர்காவற்றுறை, அதற்கு எதிரே காரைநகர், இந்தப் பக்கம் அரை நாள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

நெடுந்தீவில் ஏன் இரவு தங்க வேண்டும்? காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவர்கள்தான் அங்கே பெரும்பான்மை. திரும்பும் கடைசிப் படகு பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். அதற்குள் வாடகை வண்டிக்காரர் ஒரு வட்டம் அடித்துக் காட்டிவிடுவார்: ஒல்லாந்தர் புறாக்கூடு, மீகாமன் கோட்டை என்கிற இடிந்த கோட்டை, பெருக்குமரம், குதிரைகள், ராட்சதப் பாதம், வளரும் கல். ஏழெட்டு இடம், இடத்துக்குப் பத்து நிமிடம். அந்தப் படகு போன பிறகு தீவு ஒரு பெருமூச்சு விடுகிறது. கடைக்காரர் நாற்காலியை வெளியே எடுத்துப் போடுகிறார். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் போகவில்லை என்று தெரிந்ததும், "நிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். தங்குகிறீர்களா என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சே வேறு.

குதிரைகளையும் பெருக்குமரத்தையும் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். பெருக்குமரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அதன் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். குதிரைகள் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன மரபு, குட்டையானவை, இப்போது காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. வெயில் காலத்தில் குளங்கள் வற்றும்போது தண்ணீரைத் தேடிக் கூட்டமாக நிற்கும். படம் எடுக்க அவற்றைத் துரத்துகிற ஓட்டுநர்களும் உண்டு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வறட்சியில் இளைத்து நிற்கிற பிராணியை ஓடவிட்டுப் படம் எடுப்பதைவிட எடுக்காமல் வருவது மேல்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேலிகள். முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் துண்டுகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுப்பளவு அல்லது மார்பளவு உயரத்துக்குத் தீவு முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் தேன்கூட்டைப்போலப் பொடித்துளைகள் இருக்கும், சிலவற்றில் பூவிதழ்போன்ற வரிகள், சிலவற்றில் மூளையின் மடிப்புகள். கடலுக்கடியில் உயிராக இருந்தவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். ஒரு பெரியவரிடம், "இடைவெளியை அடைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா?" என்று கேட்டேன். "அடைத்தால் காற்று தள்ளிவிடும், விட்டால் காற்று போய்விடும்" என்றார். நம் அஞ்செட்டி, தளிப் பக்கத்துக் கொல்லைமேட்டில் அடுக்கிவைத்த கல்வேலியைப் பார்த்தவர்களுக்கு அடுக்கும் முறை பழக்கமானதாக இருக்கும். நம்முடையது பாறை, கனத்தால் நிற்கிறது. அவர்களுடையது லேசு, காற்றுக்கு வழிவிட்டு நிற்கிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத் தருமபுரிக்காரர்களிடம் சொல்வது எளிது. நம் வகுப்பறைகளில் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லில் தெரிந்த பழுப்புக் கோடு உங்களுக்கு நினைவிருக்கும். பாறைக்குள்ளிருந்து ஃபுளோரைடு கலந்து வந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் வேலை அது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. தீவில் சிக்கல் வேறு. அங்கே ஆறு இல்லை, மலை இல்லை, சுண்ணாம்புப் பாறை மட்டும். மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் பாலாடைபோல மிதக்கிறது. ஆழமில்லாத கிணற்றில் கையால் அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். மோட்டார் வைத்து ஓங்கி இறைத்தால் ஏடு கிழிந்து கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு பாழ். அதனால் நெடுந்தீவில் எந்தக் கிணறு குடிக்க, எது குளிக்க, எது மாட்டுக்கு என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாறாப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. தங்குமிடத்தில் வாளித் தண்ணீர் கொடுத்தால், "ஷவர் இல்லையா?" என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். அவரை இப்போதே தயார்செய்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நமக்குக் கூழ் என்றால் கேழ்வரகு. அங்கே கூழ் என்றால் ஒடியல் கூழ், அதாவது பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சுவது. அதற்குள் மீன், நண்டு, இறால், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய், புளி, மிளகாய் எல்லாம் விழும். பெயரைக் கேட்டு அம்மன் கோயில் கூழ் என்று நினைத்துக் கையை நீட்டிய சைவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். நண்டுக் கால் அகப்பையில் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சைவம், மச்சம் என்று சொன்னால் அவர்களுக்குத் துல்லியமாகப் புரியும். மச்சம் என்றால் அங்கே அசைவம். காலையிலேயே சொல்லிவிட்டால் சைவச் சமையலும் அருமையாகச் செய்வார்கள். பனையில் இன்னும் இருக்கிறது: அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பனாட்டு. தை மாதத்தில் பனங்கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நாம். ஒரு கிழங்கை வைத்து ஒரு வருடம் ஓட்டுவது எப்படி என்று அங்கே பார்க்கலாம். நெடுந்தீவுக்குப் பசுத்தீவு, பால்தீவு என்றும் பெயர்கள் சொல்வார்கள். பால் தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியிருப்பீர்கள். அது, இது சரி, 'உது' எங்கே என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், "அது வழக்கொழிந்துவிட்டது" என்று சொல்லியிருப்பீர்கள். நெடுந்தீவில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா என் கையிலிருந்த டம்ளரைக் காட்டி, "உதை இஞ்ச தாங்கோ" என்றார். என்னோடு வந்த தமிழாசிரியர் அப்படியே நின்றுவிட்டார். பேசுகிறவருக்குப் பக்கத்திலும் இல்லாமல், வெகு தொலைவிலும் இல்லாமல், எதிரே நிற்பவர் கையில் இருப்பது உது. நன்னூலில் படித்தது டம்ளரோடு வந்து நின்றது. அன்று மாலை முழுக்க அவர் வேண்டுமென்றே பொருட்களைத் தன் கையில் எடுத்துவைத்துக்கொண்டு அந்த அம்மாவை 'உது' சொல்லவைக்க முயன்றார். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும், "எங்கட கதை உங்களுக்குப் பகிடியோ?" என்று கேட்டார். ஆசிரியர் வெலவெலத்துப் போய் இலக்கணம் விளக்கினார். அதன்பின் அந்த வீட்டில் எங்களுக்கு இன்னும் நல்ல பெயர்.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. மொழி ஒன்று என்பதால் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் பெரிய குறை. "ஆறுதலாகப் போங்கோ" என்றால் மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம், யாரும் உங்களைத் தேற்றவில்லை. கதைப்பது என்றால் பேசுவது. இவை சிறு வேடிக்கைகள். பெரியது வேறு. போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். "நீங்கள் இயக்கத்தில் இருந்தீர்களா?" என்று கேட்ட ஒரு ஆளை நான் படகில் பார்த்தேன். நம் ஊர் மேடையில் பேசுவதை அங்கே பேசிக்காட்டுகிற ஆசையும் சிலருக்கு உண்டு. அதைக் கேட்டு அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். சாதியையும் கேட்காதீர்கள், சுற்றிவளைத்தும் கேட்காதீர்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். நீங்கள் படகேறும் துறையில் நிற்கிறவர்களில் யாருடைய சொந்தக்காரர் அதில் போனார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் கடலைப் பாருங்கள்.

இப்போது அந்த மீனவர் செய்தி. இரண்டாம் இரவு தங்கினால் இந்தப் பேச்சு தானாகவே வரும். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் சிறு படகில் போய் வலை விட்டுவிட்டு வருகிறவர்கள். நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு வரும்போது அவர்களுடைய வலையும் சேர்ந்து போகிறது. கூடவே மீன்குஞ்சும், பார் என்கிற கடலடிப் பாறையும். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்துவிட்டது. ஒருவர் கிழிந்த வலையைத் திண்ணையில் விரித்துக் காட்டினார். ஓர் ஆள் புகுந்து போகுமளவு ஓட்டை. "இந்த வலைக்குக் கடன் இன்னும் கட்டி முடியவில்லை. வெட்டினவரும் தமிழர்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னார். ராமேசுவரத்து மீனவருக்கும் நியாயம் உண்டு, சிறையில் கிடப்பவர் குடும்பத்துக்கும் உண்டு. அதை அந்தத் திண்ணையில் வாதாட வேண்டாம். கச்சத்தீவு 1974-இல் கைமாறிய கதையையும் எடுக்க வேண்டாம், அவர்களே எடுத்தால் தவிர. மாசி, பங்குனி வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் படகில் போய் ஒரே பூசையில் நிற்கிறார்கள் என்பதை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். நிறைய சொல்வார்கள்.

நயினாதீவுக்கு வருகிறேன். படகில் பாதிப்பேர் தேங்காய் பழத் தட்டோடு நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் வெள்ளை உடையில் தாமரைப் பூவோடு நாக விகாரைக்குப் போகும் சிங்களவர்கள். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிற மிதவை அங்கி. இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். போர்த்துக்கீசியர் இடித்த அம்மன் கோயில் 1788-இல் மீண்டும் எழுந்தது. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், இது யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பொது வழக்கம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அங்கே ஒரு பீடத்துக்காக நாக அரசர்கள் இருவர் போரிட்டதையும் புத்தர் தீர்த்துவைத்ததையும் நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். அதே கதையைப் பெயர் மட்டும் மாற்றி, பாலி மொழி வரலாறும் சொல்கிறது, விகாரை நிற்பதற்கு அதுதான் காரணம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்ததும் மணிபல்லவத்தில்தான். கோயில் அன்னதான மடத்தின் பெயரும் அமுதசுரபி. அங்கே பந்தியில் உட்காருங்கள். பாத்திரத்துக்கு அந்தப் பெயர் ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடம் கேட்டேன். "எடுக்க எடுக்கக் குறையாது" என்றான், அப்பளத்தைக் கடித்துக்கொண்டே.

பௌர்ணமியன்று நயினாதீவுக்குப் போக வேண்டாம். அங்கே அது போயா, பொது விடுமுறை. படகுக்கு வரிசை நகராது. ஆனியில் அம்மன் திருவிழாவும் அப்படித்தான், கூட்டத்தை விரும்புகிறவர்களுக்குச் சரி.

ஊர்காவற்றுறைக்குப் போனால் கரம்பனைக் கேட்டு ஒரு நடை போய்வாருங்கள். தனிநாயகம் அடிகள் 1913-இல் பிறந்த ஊர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமாக இருந்தவர் இந்தத் தீவுகளின் பிள்ளை என்பது நம் ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை'யில் போகலாம். நமக்குப் பாதை என்றால் தரையில் இருப்பது. அங்கே அது ஆட்களையும் சைக்கிளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவைத் தட்டு. ஒகேனக்கல் பரிசலில் உயிரைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு இது ஊஞ்சல். போகும்போது கடலுக்கு நடுவில் தெரிகிற கோட்டையை ஒல்லாந்தர் பன்றித்தொடையின் குதிகால் என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு உப்புக்கண்டமாகத் தெரிந்திருக்கிறது. பசி நேரத்தில் வரைபடம் பார்த்திருப்பார்கள்.

போகும் வழி: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் வழியாக நாகப்பட்டினம் போவதும் சென்னை போவதும் அலைச்சலில் ஒன்றுதான். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்தால் இரண்டும் பார்த்த மாதிரி. பெங்களூர் பக்கம் என்று கொழும்புக்குப் பறந்துவிடாதீர்கள், அங்கிருந்து யாழ்ப்பாணம் ரயிலில் ஒரு பகல். மின்னணுப் பயண அனுமதிக்கான கட்டண விதி அடிக்கடி மாறுகிறது, இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள். இடைத்தரகர் தளங்கள் அச்சு அசலாக அதுபோலவே இருக்கும்.

காலம்: தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழை. வைகாசிக்கு மேல் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, நெடுந்தீவுப் படகு ஆடுகிற ஆட்டத்தில் காலை இட்லி தங்காது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டு இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். தீவில் மருத்துவமனை உண்டு, ஆனால் பெரிய வைத்தியத்துக்குப் படகேற வேண்டும். பணத்தை யாழ்ப்பாணத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். படகு நேரத்தை முதல் நாள் மாலை ஒரு தடவை, காலையில் ஒரு தடவை கேளுங்கள். அச்சடித்த அட்டவணையை நம்பி நான் ஒரு முறை இறங்குதுறையில் மூன்று மணி நேரம் நின்றேன்.

தங்குவதற்கு நெடுந்தீவில் பெரிய விடுதிகளைத் தேட வேண்டாம். வீட்டோடு சேர்ந்த அறைகள் இருக்கின்றன. ஒன்பது பேரும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் இரண்டு வீடாகப் பிரியுங்கள், அதுவே நல்லது. படகையும் அறையையும் சாப்பாட்டையும் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் மூலமாகப் பேசுங்கள். சென்னை ஏற்பாட்டாளரிடம் மொத்தமாகக் கொடுத்தால் சமைத்துப் போடுகிற அம்மாவின் கைக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதும், போகிற வழியில் பேனா கொடுப்பதும் வேண்டாம். ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் பள்ளி அதிபரிடம் கொடுங்கள். தலைமையாசிரியரை அங்கே அதிபர் என்பார்கள். ஒன்பது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவரே உங்களை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விடமாட்டார்.

ஒன்பது பேர் அதிகமா என்று கேட்டீர்கள். நெடுந்தீவில் சுற்ற 'பட்டா' என்கிற சிறு லாரிதான் கிடைக்கும். பின்னால் பலகை போட்டு எட்டுப் பேர் உட்காரலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கும். முட்டிவலி இருப்பவருக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள், அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஓட்டுநர் வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வருவார்.